வேலை தேடும் செலவும் வேலைக்குக் கேட்கப்படும் விலையும்

வேலை தேடுவதற்கு ஆகும் செலவு ஒன்று; வேலைக்கென்று ஒருவர் கேட்கும் விலை மற்றொன்று. முதலாவதைக் கணக்கு வைத்துக்கொண்டு தயங்காமல் செய்ய வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. நாகர்கோவிலில் கணக்கர் வேலை பார்த்து, இடையில் நிறுவனமும் மாறி, உறவிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துவரும் எனக்கு, இந்த இரண்டையும் நம் வீடுகளில் ஒன்றாகவே எண்ணிவிடுவதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் புரட்டுவதற்குத் தாலிச் சங்கிலி வரை அடகுக்குப் போகிறது. சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்வர மூவாயிரம் ரூபாய் கேட்டாலோ, கிடைக்குமா என்று தெரியாத வேலைக்கு இவ்வளவு பைசாவா என்ற கேள்வி வருகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டின் முதல் மாவட்டமாக நின்றது கன்னியாகுமரி. படித்தவர் எண்ணிக்கைக்கு ஏற்ற வேலை உள்ளூரில் இல்லை என்பதும் அந்த அளவுக்கு உண்மை. ரப்பர் தோட்டம், முந்திரி ஆலை, மீன்பிடித் தொழில், மணவாளக்குறிச்சி மணல் ஆலை, பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள துணிக்கடை, நகைக்கடைகள் என்று எண்ணி முடித்தால், பொறியியல் முடித்தவருக்கும் செவிலியர் படிப்பு முடித்தவருக்கும் திருவனந்தபுரம், சென்னை, பெங்களூரு, வளைகுடா ஆகிய திசைகளே மிஞ்சுகின்றன. ஒவ்வொரு திசைக்கும் செலவு வேறு, எச்சரிக்கை வேறு.

திசை எதுவானாலும் முதலில் தேவைப்படுவது எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது. அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திப்பவர் என்று கூறியவர்கள் 16.7 சதவீதம்தான், எப்போதாவது சந்திப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகச் சந்திப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நம்மோடு தினமும் பேசும் உறவினருக்கும் நண்பருக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்துப் பழக்கம் உள்ளவர்தான் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார். நம் ஊர்களில் கோயில் கொடை, ஆலயத் திருவிழா, திருமணம் என்று கூடும் கூட்டத்தில் கோயம்புத்தூரிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வந்திருப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் ‘எனக்கு ஒரு வேலை வாங்கித் தாருங்கள்’ என்று கேட்பது அவர்களையும் சங்கடப்படுத்தும், பயனும் தராது. அதைவிட, உங்கள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு எந்த மாதத்தில் ஆள் எடுப்பார்கள், எந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும், யாருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று கேட்டால் அவர்கள் விரிவாகவே பதில் சொல்கிறார்கள். பழைய கல்லூரித் தோழர்களுக்கும் முன்பு வேலை பார்த்த இடத்தில் உடனிருந்தவர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புவதற்குச் செலவே இல்லை. கூச்சம் ஒன்றுதான் தடை.

செலவில்லாத இன்னொரு வழி, நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பதிவு செய்துவிட்டு மறந்துபோகும் இடமாகவே அதைப் பலரும் நினைக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும் என்பதுகூடத் தெரியாமல் இருப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தின் வழியாகப் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள். முகாம் வேலைகளில் சம்பளம் குறைவு என்ற குறை நியாயமானதுதான். ஆனாலும், முதல் முறை நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், பயணச் செலவு இல்லாமல் ஒரே நாளில் பல நிறுவனத்தாரின் கேள்விகளைக் கேட்டு வரலாம். கல்லூரி முடித்த எவரையும் அதற்காகவாவது அனுப்பிவைக்கிறேன்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரவுசிங் சென்டரில் ஏற்கெனவே வைத்திருக்கும் பயோடேட்டாவில் பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுப்பது நம் ஊரில் வழக்கம். தந்தை பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு என்று ஒரு பக்கம் போய்விடும். செய்த வேலை பற்றி இரண்டு வரி இருக்கும். எத்தனை வாடிக்கையாளருக்கு மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்தீர்கள், எத்தனை படுக்கை கொண்ட பிரிவில் பணியாற்றினீர்கள், எந்த இயந்திரத்தை இயக்கத் தெரியும் என்பவைதான் படிப்பவருக்கு வேண்டியவை. ஒவ்வொரு வேலைக்கும் அதை மாற்றி எழுதுவதற்கு ஓர் இரவு போதும்.

தூரத்தின் செலவைக் குமரிக்காரர்கள்தான் முழுமையாக அறிவார்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது; நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ நான்கைந்து நாட்களுக்கு முன்புதான் வருகிறது. அதனால் நமக்கு எப்போதும் தட்கல் அல்லது ஆம்னி பேருந்து என்ற நிலை. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய வந்தே பாரத் நாகர்கோவிலிலிருந்து பிற்பகலில் கிளம்பி இரவு வெகுநேரம் கழித்தே எழும்பூர் சேர்வதால், அதில் போகிறவர் அறை வாடகையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இரவு ரயிலில் இடம் கிடைத்தால் காலையில் இறங்கி, நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு போய்விடலாம். போக, வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்தால் ஒரு பயணத்துக்கு இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் வரை ஆகிவிடுகிறது.

இதைக் குறைக்க வழி உண்டு. அழைப்பு வந்தவுடன், தாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதைச் சொல்லி, முதல் சுற்றைக் காணொளியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மரியாதையாக எழுதிக் கேட்கலாம். உண்மையிலேயே ஆள் தேவைப்படும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றன. நேரில்தான் வர வேண்டும் என்றால், அதே வாரத்தில் அந்த நகரத்தில் இன்னும் இரண்டு இடங்களிலாவது சந்திப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். எந்தப் பதவி, என்ன சம்பள அளவு, எத்தனை சுற்று என்ற மூன்றுக்கும் பதில் தராத அழைப்புக்கு ரயில் ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சென்னையை விட அருகில் இருக்கும் திருவனந்தபுரத்தை, குறிப்பாக அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கத்தினர், போதிய அளவு கருதுவதில்லை என்பது என் எண்ணம். விளவங்கோடு, கல்குளம் பகுதியினருக்கு மலையாளம் புதிதில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா 1990இல் தொடங்கப்பட்டது. அங்கு மென்பொருள் எழுதுவோர் மட்டுமல்லாமல் கணக்கு, மனிதவளம், வாடிக்கையாளர் சேவை ஆகிய பிரிவுகளுக்கும் ஆள் தேவைப்படுகிறார்கள். குழித்துறையிலிருந்தும் இரணியலிலிருந்தும் மாதச் சீசன் டிக்கெட்டில் போய்வருவோரின் பயணச் செலவு, சென்னையில் விடுதிக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு சிறு பகுதிதான். நேரம்தான் கூடுதலாகப் போகிறது; அதையும் செலவாகவே எழுத வேண்டும்.

அரசுத் தேர்வுகளுக்குக் கட்டணம் ஒரு பொருட்டில்லை. டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ரயில்வே தேர்வுக்குச் செலுத்தும் 500 ரூபாயில், கணினித் தேர்வு எழுதியவர்களுக்கு 400 ரூபாய் திரும்பக் கிடைக்கிறது. 250 ரூபாய் செலுத்தும் பிரிவினருக்கு வங்கிக் கட்டணம் போக முழுவதும் கிடைக்கிறது. இங்கே உண்மையான செலவு ஆண்டுகள். வேறு எதையும் செய்யாமல் நான்கு ஆண்டு தேர்வுக்கு மட்டும் படித்தவர், பிறகு தனியார் துறைக்குத் திரும்பும்போது அந்த இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பகுதிநேர வேலையோடு படிப்பவர்களையே நான் அதிகம் ஊக்குவிக்கிறேன்.

இனி, விலை கேட்பவர்களைப் பற்றி. உள்ளூரில் இதற்குப் பல வடிவங்கள் உண்டு. சில நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கு ‘நன்கொடை’ என்ற பெயரில் லட்சக்கணக்கில் கேட்கப்படுவது நம் மாவட்டத்தில் வெளிப்படையாகவே பேசப்படும் ஒன்று. கன்சல்டன்சி என்ற பலகையை மாட்டிக்கொண்டு பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று அடுக்கடுக்காகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்து, முதலில் சிறு தொகையைக் கொடுத்து நம்பவைத்து, பிறகு பெரிய தொகையைப் பறிக்கும் கும்பல்களும் உண்டு. பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்தால் அதை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது; வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். பணம் கேட்காமல் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்பவரும் விலைதான் கேட்கிறார். பட்டச் சான்றிதழ் அவர் பெட்டியில் இருக்கும்வரை அடுத்த வேலைக்கு உங்களால் அசைய முடியாது.

வெளிநாட்டு வேலையில்தான் தொகை மிகப் பெரிது, அறியாமையும் மிகப் பெரிது. அரசிடம் பதிவு பெற்ற ஆளெடுப்பு முகவர் ஒருவர், அனுப்பிவைக்கப்படும் தொழிலாளியிடமிருந்து சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400 ரூபாய். வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். குளச்சலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஒன்றரை, இரண்டு லட்சம் என்று சர்வசாதாரணமாகப் பேசப்படும் தொகைகளை இந்த 35,400க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகவரின் உரிம எண்ணை இ-மைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். உரிமம் சென்னைக்காரருடையது, நான் அவருடைய ஆள் என்று ஊரில் பணம் வாங்கும் துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அந்த ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டுமே 1,08,000. முதல் ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விட்டதாகச் சொன்னவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வளைகுடாவில் நெடுங்காலம் இருந்து திரும்பிய என் மாமா, கிளம்பத் தயாராகும் பிள்ளைகளிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “மக்களே, விசாவிலே எழுதியிருக்கிய வேலையும் நீ செய்யப்போற வேலையும் ஒண்ணுதானா?” ‘ஃப்ரீ விசா’ என்ற பெயரில் விற்கப்படுவது, ஒருவர் பெயரில் விசாவை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் வேலை தேடிக்கொள்ளும் ஏற்பாடு. அது சட்டத்துக்குப் புறம்பானது. பிடிபட்டால் தண்டிக்கப்படுவது தொழிலாளிதான். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடுவதும் இங்கே பழகிப்போன ஒன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை தேடலாம், சந்திப்புகளுக்குப் போகலாம். ஆனால் அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது, நாள் கடந்து தங்கினால் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடமிருந்து முதலாளி வசூலிக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. விசாவுக்குப் பணம் கொடு என்று இங்கே ஒருவர் கேட்கும்போது, அங்கே முதலாளி ஏற்கெனவே கொடுத்த செலவை அவர் இரண்டாவது முறை வாங்குகிறாரா என்று சந்தேகப்படலாம்.

நியாயமான செலவுகள் எவை என்று தெரிந்தால் பேரம் பேசத் தைரியம் வரும். 36 பக்கக் கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றுக்கு 500. சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை ஒன்றுக்கு 50 ரூபாய், அதோடு பெற்றுத் தரும் நிறுவனத்தின் கட்டணம். சவுதி அரேபியாவும் ஓமனும் பஹ்ரைனும் அப்போஸ்டிலை ஏற்கின்றன. அமீரகம், குவைத், கத்தார் ஆகியவற்றுக்குத் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படுவதால் கூடுதலாகும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் இசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும்; அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். செவிலியர்களுக்கு அந்தக் குறிப்பு இல்லாவிட்டாலும் இந்த 18 நாடுகளுக்கு அனுமதி கட்டாயம் என்பது 2015 முதல் உள்ள நடைமுறை. அனுமதியோடு போகிறவர்களுக்கான காப்பீடு 10 லட்சம் ரூபாய் வரை; அதன் தவணை இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும்தான். லட்சங்களைக் கொடுத்துவிட்டு இந்த 275 ரூபாய்க் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. செவிலியர்கள் தனியாரிடம் போவதற்கு முன் அதன் அறிவிப்புகளை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளுக்குக் கணினி வேலை என்று அழைத்துச் சென்று இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தும் கும்பல்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. 2022இல் மியான்மரிலிருந்து மீட்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். தட்டச்சு தெரிந்தால் போதும், சம்பளம் ஆயிரம் டாலர், தாய்லாந்துக்குச் சுற்றுலா விசா என்ற மூன்றும் ஒன்றாக வந்தால், அழைப்பு வந்த எண்ணை முடக்கிவிட்டுக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

சம்பளத்தை ஒப்பிடும்போதும் நம் வீடுகளில் மேல் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே போய்வரும் வேலையில் கைக்கு 17,000 ரூபாய் வருகிறது, பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 2,500 போகிறது என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 14,500. சென்னையில் கைக்கு 25,000. உணவோடு விடுதிக்கு 9,000, நகரப் பயணத்துக்கு 1,500, ஊருக்கு வந்துபோக மாதச் சராசரி 1,500 போனால் மிச்சம் 13,000. எண்ணிக்கையில் ஊர் வேலைதான் மேல். ஆனாலும் சென்னை வேலை ஒரு புதிய தொழில்நுட்பத்தைக் கற்றுத் தருமானால், இரண்டாம் ஆண்டில் 35,000க்கு வழி திறக்குமானால், அந்த 1,500 ரூபாய் இழப்பைக் கற்பதற்கான கட்டணமாக ஏற்கலாம். அப்படி எதுவும் இல்லாமல், சென்னையில் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்வதற்காக மட்டும் போவதை நான் ஆதரிப்பதில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மாறும்போது வேறு சில செலவுகள் கண்ணுக்குத் தெரியாமல் வருகின்றன. நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 43,000 ரூபாய் வரும். இரண்டு மாதம் முன்னதாக விலகுகிறவர் அதை இழக்கக்கூடும். வருங்கால வைப்பு நிதியைப் பலர் வேலை மாறியவுடன் எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் அதற்கு வரி உண்டு. ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுப் பணிக் கணக்கும் அறுபடும். வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்ணான யுஏஎன் எண்ணிலேயே புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் சரி. நிதியாண்டின் நடுவில் மாறுகிறவர்கள், முந்தைய வேலையின் வருமான விவரத்தைப் புதிய நிறுவனத்துக்குத் தராவிட்டால், இரு இடத்திலும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) தனித்தனியே கணக்கிடப்பட்டு, பின்னர் கணக்குத் தாக்கல் செய்யும்போது பெரிய வரித்தொகை கையிலிருந்து போகும். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடுவதால், வயதான பெற்றோர் உள்ள வீட்டில் இடைப்பட்ட காலத்துக்குத் தனியாக ஒன்று எடுத்து வைப்பது அவசியம்.

தேடத் தொடங்கும் முன் ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நம்மில் பலருக்கு அது இயலாது. மூன்று மாதத்துக்காவது இருந்தால், முதலில் வந்த மோசமான வாய்ப்பைப் பயத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் வேலையில் இருந்துகொண்டே தேடுவதுதான் நல்லது. அதிகாலையில் இரண்டு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஒரு நோட்டில் விண்ணப்பித்த இடம், தேதி, பேசியவர், செலவு, அடுத்து என்ன என்று எழுதிவைத்தால், ஒரு மாதத்தில் எந்த வழியில் பதில் வருகிறது, எந்த வழியில் பணம் மட்டும் போகிறது என்பது தெரிந்துவிடும். அழைப்பே வரவில்லையென்றால் பயோடேட்டாவைத் திருத்த வேண்டும். அழைப்பு வந்தும் தேர்வாகவில்லையென்றால் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

வேலை கிடைத்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி ராஜினாமா கொடுக்க வேண்டாம். நியமனக் கடிதம் கையில் வந்த பிறகு, நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதற்குப் பதிலாகப் பணம் கட்டினால் அடிப்படைச் சம்பளத்துக்கா முழுச் சம்பளத்துக்கா, புதிய நிறுவனம் அதைத் திருப்பித் தருமா, இத்தனை ஆண்டு விலக மாட்டேன் என்ற பணிப் பத்திரம் (பாண்ட்) கேட்கிறார்களா என்று பாருங்கள். பத்திரம் சும்மா ஒரு காகிதம்தான் என்று எண்ணிக் கையெழுத்திடுகிறவர்கள், 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனை செல்லும் என்று அது சொல்லியிருக்கிறது. இவற்றையெல்லாம் படித்து, சந்தேகத்தை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிய பிறகு ராஜினாமா கொடுங்கள். விலகும் நாளில் பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பு தொடங்குவது அவற்றிலிருந்துதான்.